ஒன்பதிலும் மூன்று

நூற்றுப் பதினெட்டாவது படிவத்திலும் மூன்று. ஒன்பது கேள்விகளுக்கும் மூன்றாவது கட்டத்திலேயே டிக். அவன் அதை இடப்பக்கக் குவியலில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். அதிலும் மூன்று. காலையிலிருந்து வலப்பக்கக் குவியல் ஒரு விரல்கடைக்கு மேல் உயரவில்லை. இடப்பக்கக் குவியல் சரியாமலிருக்க, மணல் நிரப்பிய தீயணைப்பு வாளி ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தான்.

“இந்தப் பெட்டிங்களை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை சார்,” என்றார் ரெக்கார்டு ரூம்காரர். சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். “எலிதான் படிச்சுக்கிட்டிருந்தது. அதுவும் பாதியிலே விட்டுடுச்சு.”

“அதுக்குப் புரிஞ்சிருக்கும்,” என்றான் அவன்.

“மேல கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்காமே?”

“இருக்கு.”

“அப்புறம் எதுக்கு இந்தத் தூசியைக் கட்டிக்கிட்டு அழறீங்க?”

கம்ப்யூட்டரில் எண்கள்தான் இருந்தன. டிக் போட்ட கை அதில் இல்லை. அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. தும்மிவிட்டு அடுத்த கட்டைப் பிரித்தான்.

அந்த நிறுவனத்தில் யார் முதலீட்டுத் திட்டம் வாங்கினாலும் முதலில் இந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும். வாங்குகிறவர் எவ்வளவு நஷ்டத்தைத் தாங்குவார், எவ்வளவு துணிவார் என்று அறிவதற்கான ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். முதல் கட்டம் பயந்தவருக்கு. நான்காவது கட்டம் தலைகால் தெரியாதவருக்கு. நிரப்ப வேண்டியவர்கள் வாங்குகிறவர்கள். நிரப்பியவர்கள் விற்கிறவர்கள். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். முதல் வாரம் டீ குடிக்கப் போகும்போது யாராவது சொல்வார்கள். ஒன்றோ இரண்டோ போட்டால் பெரிய திட்டத்தை விற்க முடியாது. நான்கு போட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து வாடிக்கையாளருக்கே போன் போகும். மூன்று போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. ‘மூணு போடு, மூடு, வா.’ அவனுக்கு இதைச் சொன்னவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவனே பதினாலு வருஷத்தில் நாற்பது பேருக்காவது சொல்லியிருப்பான்.

டிக்குகளைப் பார்த்தே ஆளைச் சொல்ல அவனால் முடிந்தது. காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திப் போட்டிருந்தால் அது நெட்டையன். இப்போது வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். கட்டத்துக்குள் அடங்கி, பயந்து பயந்து போட்டிருந்தால் அது மாதக் கடைசியில் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வருகிற பெண். ஒன்பதையும் ஒரே கோடாக மேலிருந்து கீழே இழுத்திருந்தால் அது மேனேஜரேதான். அவர் விற்ற காலத்தில் அவருக்கு நேரமில்லை. டிக்கின் வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் அது அவனுடையது. அவன் இடக்கைக்காரன்.

இருநூற்றேழாவது படிவத்தில் வால் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அதை எடுத்தவுடனே தெரிந்துவிட்டது. வலது ஓரத்தில் மெஷின் எண்ணெயில் ஒரு பெருவிரல் ரேகை. கீழே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முழுப்பெயரும் எழுதி, அடிக்கோடிட்டு, அதற்குக் கீழே ஒரு புள்ளி வைத்த கையெழுத்து. அக்கா அப்படித்தான் போடுவாள். அன்றைக்கு அவள் தையல் மெஷினின் மிதியிலிருந்து காலை எடுக்கவேயில்லை. எங்கேடா போடணும் என்று கேட்டாள். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் போடு என்றான். பல்லால் நூலைக் கடித்துவிட்டுப் போட்டாள். அக்காவின் கணவர், மாமா, இறந்தபோது அவர் வேலை பார்த்த இடத்தில் கொடுத்த பணம் அது. டிக்குகளை அவன் பிறகு, அவள் காபி போட உள்ளே போனபோது போட்டான்.

ஐந்தாவது கேள்வி: உங்கள் முதலீடு ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது விடை: பொறுத்திருப்பேன், முடிந்தால் மேலும் முதலீடு செய்வேன். அக்கா அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க இரண்டு தடவை திரும்பி வருகிறவள். சாலையைக் கடக்க ஆள் கூட்டம் சேரட்டும் என்று நிற்பாள். நல்ல மழைநாளில்கூடத் தையல் கடைக்கு இரண்டு பூட்டு. படிவத்தின்படி அவள் மூன்றில் ஒரு பங்கு போனாலும் பொறுத்திருந்து மேலும் போடுவாள்.

மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே போயிற்று. இரண்டாம் வருஷத்தில். அவள் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘உனக்கு மட்டும் தெரியுமா என்ன, விடு’ என்றாள்.

அவனுக்குத் தெரியும்.

அவன் அந்தப் படிவத்தைச் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு இடப்பக்கக் குவியலில் வைத்தான். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டுக் கொடுத்த முந்நூறு எண்களில் இதுவும் ஒன்று. விட முடியாது. மாலை ஐந்தரைக்குக் கணக்கு முடிந்தது. முந்நூறில் இருநூற்று நாற்பத்தொன்று. கைகளைக் கழுவிக்கொண்டு லிஃப்டில் ஏறினான். முதல் தளத்தைக் கடக்கும்போது மணிச் சத்தம் கேட்டது. யாரோ கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

அந்த மணியை விட்டு வெளியே வர அவனுக்கு நாலு வருஷம் பிடித்தது.

விற்பனைப் பிரிவின் நடுவே, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில், ஒரு பித்தளை மணி தொங்கும். ஒரு திட்டம் முடிந்தால் முடித்தவர் அடிக்க வேண்டும். எல்லாரும் கை தட்ட வேண்டும். வெள்ளைப் பலகையில் பெயருக்கு நேரே கோடு ஏறும். அவன் ஒரு மாதம் அதிகம் அடித்து, கயிறு அறுந்து, ஷூ லேஸைக் கட்டியிருக்கிறான். அங்கே அவனுக்குப் பெயர் ‘கையெழுத்து’. அவன் எதிரில் உட்கார்ந்தவர் கையெழுத்துப் போடாமல் எழுந்ததில்லை என்பதால். அவன் பொய் சொல்வதில்லை. திட்டத்தைப் பற்றி வாயே திறக்கமாட்டான். பேனாவின் மூடியைத் திறந்து மேஜையில் வைத்துவிட்டு, அவர்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பான்.

அக்காவின் பணம் கரைந்த வருஷம் அவன் புள்ளியியல் தேர்வுக்குப் பணம் கட்டினான். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தான். இரண்டு தடவை தோற்றான். நாற்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சிப் பிரிவின் நேர்முகத்தில் உட்கார்ந்தான். எதற்கு இங்கே வரவேண்டும் என்று கேட்டார்கள். உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றான். அவர்கள் அதை ரசித்தார்கள். ஊக்கத்தொகை கிடையாது என்று ஞாபகப்படுத்தினார்கள்.

மனைவி ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தாள். பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் இருந்தாள் அவள். சிரித்துச் சிரித்துப் பேசுகிற வேலை. வீட்டுக்கு வரும்போது மிச்சம் இருக்காது. அன்று மாலையும் அவன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

“வாங்க விஞ்ஞானி. இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சீங்க?”

“எல்லாரும் மூணாவது கட்டத்துல டிக் போட்டிருக்காங்கன்னு.”

“அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமே. நீங்கதானே போட்டீங்க.”

“இப்ப எத்தனை பேருன்னு தெரியும்.”

“நல்லது. அப்படியே அடுத்த மாசம் வாடகைக்கு எத்தனை குறையுதுன்னும் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லுங்க. நான் ஸ்லைடு போட்டு வீட்டுக்காரருக்குக் காட்டறேன்.”

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். பிறகு அவள் குரல் மாறியது.

“ஏங்க, நாளைக்கு அதைத்தான் படிக்கப் போறீங்களா? உங்க டாக்டர் முன்னாடி?”

“ஆமா.”

“அவரோட குறியீடே பொய்னு அவருகிட்டயே சொல்லப் போறீங்க.”

“ஆமா.”

“இன்னும் ஒரு மாசம் இருக்கு நிரந்தரமாக. அதுவரைக்கும் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாதா?”

“அதுக்கு நான் கீழேயே இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்,” என்றாள் அவள். “நானும் அதைத்தான் சொல்றேன்.”

ஆராய்ச்சிப் பிரிவின் தலைவரை எல்லாரும் டாக்டர் என்பார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. துணிச்சல் குறியீடு அவருடைய குழந்தை. வருஷா வருஷம் வழவழப்பான காகிதத்தில் அச்சாகும். மக்கள் ஆண்டுக்காண்டு துணிந்துகொண்டே வருகிறார்கள் என்று சொல்லும் ஒரு கோடு, அட்டையில் நீல நிறத்தில் ஏறிப் போகும். கருத்தரங்குகளில் அதைப் பற்றிப் பேச அவரை அழைப்பார்கள். கோடு ஏறியதற்குக் காரணம் விற்பனைப் பிரிவில் வருஷா வருஷம் ஆள் கூடியதுதான். ஆள் கூடக் கூட மூன்றும் கூடிற்று. இதை அவன் வந்த இரண்டாம் வாரமே புரிந்துகொண்டான். பக்கத்து மேஜையில் புள்ளியியல் பார்க்கும் பெண்ணிடம் மெல்லச் சொன்னபோது அவள், “டேட்டா பொய் சொல்லாது சார்,” என்றாள். இருபத்தாறு வயது. “அது சொல்லாதும்மா. அதுக்கு நாங்க சொல்லிக் கொடுத்தோம்,” என்றான் அவன். அவள் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். காகிதத்தைப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவளும் அவள்தான்.

மறுநாள் பத்து மணிக்கு ஆறாம் தளத்துக் கண்ணாடி அறையில் மூன்று பேர். டாக்டர், அவள், அவன். டாக்டர் அறிக்கையை வாய்விட்டுப் படிக்கமாட்டார். பேனாவின் முனையால் வரிக்கு வரி தொட்டுக்கொண்டே போவார். முதல் பக்கத்தில் அவர் முகம் மாறவில்லை. இரண்டாம் பக்கத்தில், ‘எனவே துணிச்சல் குறியீடு வாடிக்கையாளரின் துணிச்சலை அளக்கவில்லை, விற்பனையாளரின் பழக்கத்தை அளக்கிறது’ என்ற இடத்தில் பேனா நின்றது. அவனுக்கு நன்றாக இருந்தது. பதினாலு வருஷத்தில் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவன் ஒரு உண்மையை நீட்டியது இதுதான் முதல் தடவை.

பேனா நகர்ந்தது. நான்காம் பக்கத்தில் மறுபடி நின்றது.

“ஒன்பதிலும் மூணு இருக்கிறவங்க. இவங்க திட்டத்தைப் பாதியில விடறது இவ்வளவு கம்மியா?”

“ஆமா சார்.”

“நஷ்டம் வந்தப்புறமும்?”

“நஷ்டம் வந்தப்புறமும். நூத்துக்கு மூணு பேர்தான் வெளியே வந்திருக்காங்க. மத்தவங்கள்ல அதைப்போல ஆறு மடங்கு.”

“புகார்?”

“அந்த இருநூத்து நாப்பத்தொண்ணுல ரெண்டே ரெண்டு.”

“ஏன்?”

இந்தக் கேள்விக்குத்தான் அவன் காத்திருந்தான். இதைச் சொன்னால் அவருக்குப் புரிந்துவிடும், வெட்கமாக இருக்கும் என்று நினைத்தான்.

“தெரிஞ்சவங்க வித்தது சார். கடைசிப் பக்கத்துல பரிந்துரைத்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. அண்ணன், தம்பி, மச்சான், பக்கத்து வீடு, கூடப் படிச்சவன். இவங்க திட்டத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடலை. மூஞ்சியைப் பார்த்துப் போட்டாங்க. பணம் போனா கேக்க மாட்டாங்க. கேட்டா உறவு போயிடும்.”

டாக்டர் பேனாவை மூடினார்.

“இதை ஏன் நாலாம் பக்கத்துல ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

அவனுக்குப் புரியவில்லை.

“இதுதானே முதல் பக்கம்! நஷ்டம் வந்தாலும் விட்டுப் போகாத வாடிக்கையாளர் யாருன்னு ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. நீங்க அதுக்கு அடையாளம் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஒன்பதிலும் மூணு. எவ்வளவு எளிமையா இருக்கு.” அவர் எழுந்தே நின்றுவிட்டார். “பிரமாதம் சார். நிஜமாவே பிரமாதம்.”

“சார், இவங்க படிக்காமக் கையெழுத்துப் போட்டவங்க.”

“நாம அப்படி எழுத வேண்டாம். ‘உறவுசார் வாடிக்கையாளர்கள்’னு எழுதலாம்.”

பக்கத்து மேஜைப் பெண் மெல்லக் கேட்டாள்: “அப்ப நம்ம குறியீடு, டாக்டர்?”

“அது பாட்டுக்கு இருக்கட்டுமே. அது வெளியே காட்டறதுக்கு. இது உள்ளே வெச்சுக்கறதுக்கு.”

அவர் போன் செய்த ஐந்தாம் நிமிஷம் விற்பனைப் பிரிவு மேனேஜர் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே நாலாம் பக்கத்தைப் படித்தார். படித்து முடித்து அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

“டேய் கையெழுத்து! அஞ்சு மாசமா மேல வந்து ஏசியில தூங்கறேன்னு நினைச்சேனேடா!”

“சார், இது விக்கறதுக்கு எழுதினது இல்லை.”

“எதுக்கு எழுதினா என்னப்பா. மொத்தம் எத்தனை பேர் தேறுவாங்க?”

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் பார்த்து, “பன்னிரண்டாயிரத்துச் சொச்சம்,” என்றாள். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“பன்னிரண்டாயிரம்!” மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். “பதினாலு வருஷம் கீழே நாயா அலைஞ்சு வித்தியே, அதெல்லாம் சேர்ந்தாலும் இது ஆகுமா? டாக்டர், புதுத் திட்டம் வந்திருக்கு பாருங்க, பத்து வருஷப் பூட்டு, நடுவுல பணத்தை எடுக்க முடியாது, அதை இவங்ககிட்டயே கொண்டு போறேன். நாளைக்கே ஆரம்பிக்கறேன். பரிந்துரைத்தவர் பேரும் லிஸ்ட்ல வந்துடணும். ‘உங்க தம்பி சொன்னாரு, உங்க மச்சான் சொன்னாரு’ன்னு ஆரம்பிச்சா பாதி வேலை முடிஞ்சுது.”

“அதுல என் ஆளுங்களும் இருக்காங்க சார்,” என்றான் அவன்.

“அதனாலென்ன? உன் பேரைச் சொன்னா இன்னும் நல்லது. நீ இப்ப ஆராய்ச்சி. கீழே இருந்தப்பவே நம்பினாங்க, மேல போனப்புறம் நம்ப மாட்டாங்களா?”

டாக்டர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், நிரந்தரக் கடிதத்துக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றார்.

பட்டியலைத் தயார் செய்யும் வேலை அவனுக்கே வந்தது. மதியத்துக்கு மேல் உட்கார்ந்தான். பன்னிரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு வரிகள். அக்காவின் வரி எங்கே இருக்கும் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவள் எண் மனப்பாடம். வரியைத் தேர்ந்தெடுத்து அழிக்கும் பொத்தானை அமுக்கினான். திரையில் ஒரு பெட்டி வந்தது. காரணம் குறிப்பிடவும்.

இந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கியவன் அவன்தான். வந்த முதல் வாரம். கீழே எதுவும் காரணமில்லாமல் மறைந்துபோகும். புகார் மறையும், வாடிக்கையாளர் மறைவார், பலகையில் கோடுகூட மறையும். இங்கேயாவது ஒரு வரி போனால் ஏன் போயிற்று என்று இருக்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசினான். டாக்டர் அதைப் பாராட்டி உடனே செய்யச் சொன்னார். காரணங்கள் மூன்றே மூன்று: இறப்பு, இரட்டைப் பதிவு, முகவரி இல்லை. ஒவ்வொன்றுக்கும் அத்தாட்சி இணைக்க வேண்டும். இறப்புக்கு மட்டும் அத்தாட்சியைப் பதினைந்து நாளுக்குள் கொடுத்தால் போதும் என்று அவனே ஒரு சலுகை வைத்திருந்தான்.

பக்கத்து மேஜைப் பெண் அவன் திரையைப் பார்த்தாள். பெயரைப் பார்த்தாள். பரிந்துரைத்தவர் கட்டத்தைப் பார்த்தாள்.

“உங்க அக்காவா சார்?”

“ம்.”

“நான் பார்க்கலை சார். நீங்க எதையாவது போடுங்க.”

அவன் விரல் ‘இறப்பு’ என்பதன் மேல் வந்து நின்றது. பதினைந்து நாள் போதும். பதினைந்து நாளில் இந்தப் பட்டியல் தீர்ந்துவிடும். மேனேஜரின் ஆட்கள் வேறு பட்டியலுக்குப் போய்விடுவார்கள். அக்காவுக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவை அமுக்கினால் ஆயிற்று. அவன் அமுக்கவில்லை. இதுவரை அவளுக்காக அவன் போட்டதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் போட்டதுதான். பெட்டியை மூடினான். பட்டியலை அனுப்பினான். நேரே போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டான். எல்லாவற்றையும். அவள் உள்ளே போனபோது டிக் போட்டது உட்பட.

அக்காவின் கடை ஒரு செருப்புக் கடைக்கும் ஒரு போட்டோ கடைக்கும் நடுவில், ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடும் அகலத்தில் இருந்தது. பள்ளிச் சீருடைகள் மட்டும் தைப்பாள். அவன் போனபோது மடியில் வெள்ளைச் சட்டை ஒன்றை வைத்துக்கொண்டு பட்டன் துளைகளுக்குக் கையால் காஜா தைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் இன்னும் ஐம்பது சட்டைகள் துளை இல்லாமல் அடுக்கியிருந்தன.

“வாடா பெரிய மனுஷா. வழி தெரிஞ்சுதா?” என்றாள். “அந்த ஸ்டூல்ல உட்காராதே, காலு ஆடுது. என்னடா இது, கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு? மேல மாடிக்குப் போனா சோறு போட மாட்டாங்களா?”

“கொஞ்சம் வேலைக்கா.”

“படிக்கிற வேலைதானே இப்ப. சின்ன வயசுல படிடான்னா ஓடின. இப்பப் பாரு.” ஊசியை வெளிச்சத்துக்குத் தூக்கி நூல் கோத்தாள். மூன்றாவது தடவைதான் நுழைந்தது. “இன்னும் ரெண்டு மாசம்டா. அப்புறம் இந்தக் கஷ்டம் இல்லை. காஜா மெஷினுக்குப் பணம் சேர்ந்துடுச்சு. போய்ப் பார்த்துட்டு வந்தேன். டக்குனு ஒரு மிதி, ஒரு காஜா. நான் ஒண்ணு முடிக்கறதுக்குள்ள அது இருபது போட்டுடும். கடைக்காரன்கிட்ட ரெண்டு தடவை ஓட்டிக் காட்டச் சொன்னேன். சிரிச்சான்.”

“நல்லதுக்கா. அதை வாங்கிடு முதல்ல.”

“வாங்கத்தான் போறேன்.”

“நாளைக்கே வாங்கிடேன்.”

“என்ன அவசரம்? பள்ளிக்கூடம் பாக்கி தரட்டும், மொத்தமா வாங்கிக்கலாம்.”

அவன் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்ல வேண்டியதை பஸ்ஸில் வரிசைப்படுத்தி வைத்திருந்தான். முதல் வாக்கியம் ‘அக்கா, அன்னிக்கு நீ காபி போடப் போனப்ப’ என்று தொடங்கும்.

“அக்கா.”

“சொல்லு.”

“எங்க ஆபீஸ்லேருந்து யாராவது போன் பண்ணினா...”

“பண்ணினா?”

“எதுலயும் கையெழுத்துப் போடாதே.”

அவள் ஊசியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலாக.

“ஏண்டா? உனக்கு ஏதாவது பிரச்சினையா அங்கே?”

“இல்லைக்கா.”

“வேலை போயிடுச்சா?”

“ஐயோ, இல்லை. நிரந்தரம் ஆகப் போகுது. இன்னிக்குத்தான் சொன்னாங்க.”

“பின்னே?” அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “இதை முதல்ல சொல்ல மாட்டியாடா, லூசு! வந்ததுலேருந்து மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு... நான் என்னமோ ஏதோன்னு பயந்தே போயிட்டேன். மாமா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார். உன்னைப் பத்தி எப்பவும் சொல்வார், அவன் புத்திசாலி, ஆனா வாயைத் திறக்க மாட்டேங்கறான்னு.”

அவன் வாயைத் திறந்தான்.

“அந்தப் பழைய திட்டம் இருக்கே அக்கா...”

“அதை விடுன்னு எத்தனை தடவை சொல்றது? அதையே இன்னும் நினைச்சுக்கிட்டு இருக்கியா நீ? போனது போச்சு. நான் உன்னை ஒரு நாளாவது கேட்டேனா?” அவள் குரல் சட்டென்று தழைந்தது. “நீ தெரிஞ்சு எனக்குக் கெடுதல் பண்ணுவியாடா? அது எனக்குத் தெரியாதா?”

வாசலில் ஒரு அம்மாள் சட்டை அளவு மாற்ற வேண்டும் என்று வந்து நின்றாள். அக்கா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்த அம்மாள் போக இருபது நிமிஷம் ஆயிற்று. அவன் அந்த இருபது நிமிஷமும் ஆடுகிற ஸ்டூலின் காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்தபோது ஸ்டூல் ஆடவில்லை. நேரமாகிவிட்டது, வருகிறேன் என்றான்.

“எதுவோ சொல்ல வந்தியே?”

“அதான், போன் வந்தா கையெழுத்து வேண்டாம்.”

“சரிடா. நீ சொன்னாப் போடலை.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவன் எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்தான். உட்கார இடம் கிடைத்தது. ஒன்பதரைக்குப் பட்டியல் விற்பனைப் பிரிவில் இருபத்தைந்து பேருக்குப் பிரிக்கப்பட்டது. பத்து மணியிலிருந்து மணி அடிக்கத் தொடங்கியது. ஆறாம் தளத்தில் கேட்காது. லிஃப்ட் கதவு திறக்கும்போது மட்டும் கேட்கும். பக்கத்து மேஜைப் பெண் அன்றைக்கு விடுப்பு. அவன் அறிக்கையில் இருபத்திரண்டு இடங்களில் ‘படிக்காமல் கையெழுத்திட்டவர்கள்’ என்பதை ‘உறவுசார் வாடிக்கையாளர்கள்’ என்று மாற்றினான். மதியம் வீட்டிலிருந்து கொண்டு போனதைச் சாப்பிட்டான்.

இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். அவன் ஆபீஸின் விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள், ரொம்ப மரியாதையான பெண், கடைக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பேசினாள் என்றாள். கையெழுத்துப் போடமாட்டேன், தம்பி வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். அந்தப் பெண் சிரித்துவிட்டு, உங்கள் தம்பி கண்டுபிடித்துத்தான் உங்கள் பெயரே எங்களுக்கு வந்தது என்று பட்டியலைக் காட்டினாளாம். பரிந்துரைத்தவர் என்று அவன் பெயர் அச்சில் இருந்ததாம். “என்னடா, நேத்து வந்து வெளையாட்டுக் காட்டிட்டுப் போயிருக்க,” என்றாள். காஜா மெஷின் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம். பத்து வருஷம் பணம் பத்திரமாக இருக்குமாம். ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது, கண்ணாடி மங்கலாக இருந்ததால் அந்தப் பெண்ணே நிரப்பிக்கொண்டாள். பென்சிலில் குறி போட்ட இடத்தில் மட்டும் இவள் போட்டாள். சரிக்கா என்றான் அவன்.

நாலரைக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. பதினோரு பக்கம். முழுவதும் படித்தான். ஏழாம் பக்கத்தில் ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினான், திருத்திக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டான். வீட்டுக்குப் போகும் வழியில் மனைவிக்குப் போன் செய்து சொன்னான். வரும்போது பால் வாங்கி வரச் சொன்னாள். வாங்கிப் போனான்.